எஃப்ஏக்யூவைச் சீரமைக்கும்போது: ஒரே பக்கமா, விக்கியா, கிட்டா?

ஒரு நிரலாக்க மொழிக்கோ லைப்ரரிக்கோ எஃப்ஏக்யூ (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்) தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலைமை என்றைக்காவது வந்தே தீரும். இருபது கேள்வியோடு தொடங்கியது நூற்றைம்பதைத் தாண்டியிருக்கும். ஒரே கேள்வி மூன்று இடத்தில், மூன்று விதமான பதிலோடு கிடக்கும். ஒரு பதில் பழைய பதிப்புக்குச் சரி, இன்னொன்று புதியதற்குச் சரி, ஆனால் எது எதற்கென்று எங்கும் எழுதியிருக்காது. கடைசியில் குழுவில் ஒருவர் பொறுமையிழந்து, "மொத்தத்தையும் கலைத்துப் போட்டு ஒழுங்கு பண்ணிவிடலாம்" என்பார்.

அப்போது வழக்கமாக எழும் யோசனைகள் நான்கு. இருக்கிற ஒரே நீளப் பக்கத்தையே துப்புரவு செய்து வைத்துக்கொள்வது. விக்கியில் போட்டு எல்லாரையும் திருத்தச் சொல்வது. கேள்விக்கு ஒரு கோப்பு என்று பிரித்து கிட்டில் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கருவி) வைத்து, அதிலிருந்து தளத்தை உருவாக்குவது. அல்லது, நமக்கெதற்கு இந்த வேலை, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரி பொதுக் கேள்வி-பதில் தளத்திடம் விட்டுவிடுவது.

பெரும்பாலான தொகுப்புகளுக்கு மூன்றாவதே சரி என்பது என் கட்சி. ஆனால் எல்லாருக்கும் இல்லை. எது பொருந்தும் என்பதைக் கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள், அது இரண்டாம்பட்சம். உங்கள் பதில்கள் எவ்வளவு சீக்கிரம் பழசாகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதில்கள் பழசாகும் விதம்

0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் ஏன் 0.30000000000000004 வருகிறது? அநேகமாக எல்லா மொழிகளின் தொகுப்பிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் கேள்வி இது. பத்தடிமானத்தில் சுத்தமாக எழுத முடிகிற 0.1, இரண்டடிமானத்தில் முடிவில்லாமல் நீளும் பின்னமாகிவிடுகிறது. கணினி அதை ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ள முடியும். இந்தப் பதிலை ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால் போதும், அப்புறம் தொடவே வேண்டாம்.

கோ மொழியில் லூப்புக்குள் குளோஷர் (வெளியே உள்ள மாறியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் செயற்கூறு) எழுதினால் எல்லாமே கடைசி மதிப்பையே அச்சிடுகிறதே என்ற கேள்வி அப்படியல்ல. ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே வெகுகாலம் அதற்குப் பதிலாக இருந்தது. 2024இல் வந்த 1.22ஆம் பதிப்பில் மொழியின் விதியே மாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி என்றாகிவிட்டது. பழைய பதிலைப் படித்து நகல் எடுப்பவருக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, வீண்வேலை மட்டும்தான். ஆனால் பழைய பதிப்பிலேயே இருக்கும் ஒருவர் புதிய பதிலைப் படித்துவிட்டு நகலை நீக்கிவிட்டால், நிரல் சத்தமில்லாமல் தப்பாக ஓடும். ஆக, இரண்டு பதிலும் வேண்டும், எது எந்தப் பதிப்புக்கு என்பதும் பக்கத்திலேயே வேண்டும்.

மூன்றாவது வகை, கேள்வியே செத்துப்போவது. சி மொழியில் இடம் போதுமா என்று பார்க்காமலே ஒரு வரியை உள்வாங்கும் கெட்ஸ் செயற்கூறை எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்று கேட்டால், முடியாது என்பதுதான் என்றைக்கும் பதில். சி11 தரத்தில் அந்தச் செயற்கூறையே தூக்கிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை அழிக்க முடியாது. பழைய நிரலைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர் தேடி வருவார்.

உங்கள் தொகுப்பில் முதல் வகை அதிகமென்றால் எந்த அமைப்பும் தாங்கும். இரண்டாம் வகை அதிகமென்றால்தான் அமைப்பைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே பக்கம்: நினைப்பதைவிட நல்லது

ஒரே நீளப் பக்கத்தைப் பார்த்தவுடன் முகம் சுளிப்பவர்கள் கோ மொழியின் அதிகாரபூர்வ எஃப்ஏக்யூவைப் பார்க்கலாம். மொழி எப்படிப் பிறந்தது என்பதில் தொடங்கி, சியிலிருந்து என்னென்ன மாறியிருக்கிறது என்பது வரை எல்லாம் ஒரே பக்கம். நன்றாகத்தான் இருக்கிறது. பிரவுசரில் கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் முழுத் தொகுப்பும் தேடலுக்குள் வந்துவிடும்; தனியாகத் தேடல் வசதி கட்ட வேண்டியதில்லை. அச்செடுக்கலாம், இணையம் இல்லாத இடத்துக்குச் சேமித்துக் கொண்டுபோகலாம். பராமரிப்பவருக்கும் ஒரு லாபம் உண்டு: ஒரே கேள்வி இரண்டு தடவை வந்தால் மேலிருந்து கீழே படிக்கும்போதே கண்ணில் படும்.

எல்லாரும் ஒரே குரலில் பேசுகிற சின்னக் குழு, அல்லது ஒரே ஆள் பராமரிப்பது என்றால் இதுவே போதும். சி மொழிக்கான புகழ்பெற்ற எஃப்ஏக்யூவை 1990இலிருந்து ஸ்டீவ் சம்மிட் என்ற ஒருவர்தான் பராமரித்துவந்தார். இருபது பிரிவுகள், ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண். இதில் எனக்குப் பிடித்தது ஓர் அசிங்கமான எண்: 13.14பி. 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை சி மொழிக்கு உண்டா என்ற கேள்வி அங்கே இருக்கிறது. 13.14க்கும் 13.15க்கும் நடுவில் புதுக் கேள்வி ஒன்றைச் செருகியாக வேண்டும், ஆனால் பின்னால் வரும் எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளினால், "13.15ஐப் பாருங்கள்" என்று எங்கெங்கோ எழுதியவர்கள் எல்லாருடைய வார்த்தையும் பொய்யாகிவிடும். அதனால் வாலில் ஓர் எழுத்து. பார்க்க அழகில்லை, ஆனால் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் அக்கறை பல நவீனத் தளங்களில் இல்லை.

ஒரே பக்கம் எங்கே உடைகிறது என்றால், பலர் சேர்ந்து திருத்தும்போது. அதோடு, தேடுபொறியிலிருந்து வருபவர் நீளப் பக்கத்தின் உச்சியில் இறங்கி, தன் கேள்வி எங்கே என்று தெரியாமல் திரும்பிப் போய்விடும்போது.

விக்கி

விக்கியை வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் கொண்டுவந்ததே நிரலாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத்தான். ஆகவே எஃப்ஏக்யூவுக்கு விக்கி என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. பைத்தானும் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போனது: பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் எழுதிய எஃப்ஏக்யூ விசார்ட் என்ற நிரல் மூலம் பிரவுசரிலிருந்தே பதில்களைத் திருத்த முடிந்தது. பிற்பாடு அந்தத் தொகுப்பு பைத்தானின் ஆவணங்களோடு சேர்ந்துவிட்டது. இப்போது அதில் ஒரு வரி மாற வேண்டுமானாலும் மற்ற ஆவணங்களைப் போலவே ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே போகும்.

விக்கியின் பலம், எழுத்துப்பிழையைக் கண்டவர் அங்கேயே அரை நிமிடத்தில் திருத்திவிடலாம் என்பது. அதன் கஷ்டம் நாளாவட்டத்தில்தான் தெரியும். அது ஊர்ப் பொதுக்கிணறு. இறைக்க எல்லாரும் வருவார்கள், தூர்வார ஒருவரும் வரமாட்டார்கள். சேர்ப்பதற்கு ஆள் கிடைக்கும். மூன்று பதிலை ஒன்றாக்க, பழையதை வெட்ட, "இது தவறு" என்று இன்னொருவர் எழுதியதை நீக்க ஆள் கிடைக்காது. மரியாதைக்காக ஒவ்வொருவரும் முந்தியவரின் பத்திக்குக் கீழே தன் பத்தியைச் சேர்த்துவிட்டுப் போவார். கடைசியில் பதில் ஒரு விவாதமாகிவிடும். அதில் எது முடிவு என்று படிப்பவரே தேட வேண்டும்.

தூர்வாருவதையே வேலையாக எடுத்துக்கொண்ட இரண்டு மூன்று பேர் இருந்தால் விக்கி சரிதான். இல்லையென்றால் வேண்டாம்.

பொதுத் தளத்திடம் விடுவது

2008இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதை மூடி, பழைய கேள்விக்குச் சுட்டிவிடுகிறது. ஒருவிதத்தில் இது தானாகவே உருவாகும் எஃப்ஏக்யூ. ஆனால் அதன் அடிப்படை அலகு ஒருவர் கேட்ட ஒரு கேள்வி. அடிக்கடி கேட்கப்படும் பத்துக் கேள்விகளுக்கு அடியில் ஒரே தவறான புரிதல் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல அங்கே வசதியான இடமில்லை. தொகுத்து எழுதும் ஆவணத்துக்கும் அவர்கள் முயன்றார்கள்: 2016இல் டாக்குமென்டேஷன் என்ற பகுதியைத் திறந்து, 2017இல் மூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் கையில் இருந்தும் நடக்கவில்லை என்றால், தொகுப்பது வேறு வகை உழைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயம், உரிமம். அந்தத் தளத்துப் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸின் 'அதே உரிமத்தில் பகிர்' வகையின்கீழ் வருபவை. எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், நீங்கள் மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நல்ல பதிலாக இருக்கிறதே என்று அப்படியே எடுத்து உங்கள் தொகுப்பில் ஒட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். விக்கியிலிருந்து இடம் மாறும்போதும் இதே சிக்கல்தான்: எழுதிய எல்லாரும் என்ன உரிமத்தில் கொடுத்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சாட்பாட்டிடம் விட்டுவிடலாமே என்றும் இப்போது கேட்கிறார்கள். விடலாம்; ஆனால் அது எங்கிருந்தோ படித்துத்தான் சொல்கிறது, பதிப்புகளைக் கலந்து சொல்லும் பழக்கமும் அதற்கு உண்டு. "இது 1.22க்கு முன்னால்" என்று பதிலுக்குள்ளேயே எழுதியிருந்தால் மனிதர்கள், இயந்திரம் இரண்டு தரப்புக்கும் உதவும்.

கேள்விக்கு ஒரு கோப்பு, கிட்டில்

என் தேர்வு இதுவென்று சொன்னேன். ஆனால் யார் எதை மாற்றினார் என்ற வரலாறு கிடைக்கிறதே என்பதற்காக அல்ல. வரலாறு விக்கியிலும் கிடைக்கும். கிட்டில் வைத்தால் பதிலில் இருக்கும் நிரல் துண்டுகளை ஓட்டிப் பார்க்கலாம், அதுதான் காரணம்.

பைத்தானில் டாக்டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆவணத்துக்குள் எழுதியிருக்கும் எடுத்துக்காட்டை ஓட்டி, பக்கத்தில் எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ரஸ்ட் மொழியின் ஆவணக் கருவியும் எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்கிறது. மொழியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மொத்தத் தொகுப்பையும் இப்படி ஓட்டினால், எந்தெந்தப் பதில்கள் பழசாகிவிட்டன என்ற பட்டியல் தானாக வந்து விழும். நூற்றைம்பது பதிலை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க எந்தத் தன்னார்வலருக்கும் நேரமில்லை. உடைந்த ஏழைப் பார்க்க நேரமிருக்கும். பழசாகும் பதில்கள் அதிகமுள்ள தொகுப்புக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

விலையும் உண்டு. எழுத்துப்பிழை திருத்த வருபவர் கிட்ஹப் மாதிரியான தளத்தில் கணக்கு தொடங்கி, மாற்றத்தை அனுப்பி, ஒருவர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். பக்கத்தின் அடியில் "இந்தப் பதில் தவறா? இங்கே சொல்லுங்கள்" என்று கணக்கு கேட்காத ஒரு பெட்டி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

"கடைசியாகத் திருத்திய தேதி" என்று பக்கத்தில் போடுவதை நான் நம்புவதில்லை. காற்புள்ளி ஒன்றைச் சரிசெய்தாலும் தேதி மாறும். பதில் புதிதாகிவிட்டதாகப் படிப்பவர் நினைப்பார். "எந்தப் பதிப்பில் சோதித்தது" என்று போடுங்கள்.

எப்படி அடுக்குவது

இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அடுத்த சண்டை வரிசையைப் பற்றியது. அனுபவசாலிகள் தலைப்புவாரியாக அடுக்கச் சொல்வார்கள்: மாறிகள், செயற்கூறுகள், கோப்புகள், இழைகள் என்று. பார்க்க ஒழுங்காக இருக்கும். கேள்வியோடு வருபவருக்கோ தன் பிரச்சினை எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பதுதான் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

பைத்தானில் ஓர் உதாரணம். செயற்கூறுக்கு வெளியே எக்ஸ் என்ற மாறிக்கு 10 என்று மதிப்பு கொடுத்தாயிற்று. செயற்கூறுக்குள் எக்ஸை அச்சிட்டுவிட்டு, அடுத்த வரியில் அதோடு 1ஐக் கூட்டி அதிலேயே வைக்கிறார் ஒருவர். அச்சிடும் வரியிலேயே அன்பவுண்ட்லோக்கல்எரர் என்ற பிழை வருகிறது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயரும், "மதிப்புதான் இருக்கிறதே" என்ற எரிச்சலும். இந்தப் பதிலை "மாறிகளின் எல்லை விதிகள்" என்ற தலைப்புக்குள் நான்காவதாக வைத்தால் அவர் கண்டுபிடிக்கவே மாட்டார். பைத்தானின் அதிகாரபூர்வத் தொகுப்பு இதைச் சரியாகச் செய்திருக்கிறது: மாறிக்கு மதிப்பு இருக்கும்போது எனக்கு ஏன் இந்தப் பிழை வருகிறது என்று கேட்பவரின் வாயிலிருந்தே தலைப்பை எடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிலை நான் எழுதினால் இப்படித்தான் அடுக்குவேன். முதலில் நிவாரணம்: வெளியே உள்ள மாறியைத்தான் மாற்ற வேண்டுமென்றால் குளோபல் என்று அறிவியுங்கள், இல்லையென்றால் புது மதிப்பைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்து காரணம்: செயற்கூறுக்குள் எந்த வரியில் ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தாலும், அந்தச் செயற்கூறு முழுவதற்கும் அது உள்ளூர் மாறியாகிவிடும், அதனால்தான் முந்தைய வரியே இடறுகிறது. கடைசியில் பதிப்புக் குறிப்பு: 3.11இல் இந்தப் பிழைச்செய்தியின் வாசகம் மாறிவிட்டது. பழைய வாசகம், புதிய வாசகம் இரண்டையும் எழுத்துப் பிசகாமல் பதிலுக்குள் வைக்க வேண்டும், ஏனென்றால் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடுவதுதான் மக்களின் பழக்கம்.

பெர்ல் மொழியின் தொகுப்பு இதில் ஒரு பாடம். அது ஒன்பது கோப்புகளாக மொழியோடு சேர்ந்தே வரும். பெர்ல்டாக் கட்டளையில் -q என்பதோடு ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒன்பதிலும் உள்ள கேள்வித் தலைப்புகளில் மட்டும் தேடி, பொருந்தும் பதில்களைக் காட்டும். பதிலின் உடலுக்குள் தேடாது. ஆகவே தலைப்பில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதே அங்கே தேடல்.

சரி, தலைப்புவாரி அடுக்கு வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் இரண்டாவது வாசலாக. கேள்விகள் தனித்தனிக் கோப்பாக இருந்தால் தலைப்புப் பட்டியல், பிழைச்செய்திப் பட்டியல், பதிப்புப் பட்டியல் என எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் அவற்றிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு கேள்வி இரண்டு பட்டியலில் வந்தால் என்ன குறைந்துபோகிறது?

முகவரி

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய லிங்குகள் பிழைக்க வேண்டும். உங்கள் பதிலுக்கான லிங்க் பிறருடைய நிரல் குறிப்புகளில், பாடங்களில், மின்னஞ்சல்களில் எல்லாம் பரவியிருக்கும். அவற்றை நீங்கள் திருத்த முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீளப் பக்கத்தில் ஒரு கேள்விக்கான லிங்க் என்பது பக்கத்தின் முகவரியோடு # குறியும் அதன்பின் ஒரு பெயரும். அந்த #க்குப் பின்னால் உள்ளதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பக்கத்தை முழுசாக வேறு இடத்துக்கு மாற்றினால் கவலையில்லை. 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற சர்வர் பதில்) கொடுத்துத் திருப்பிவிட்டால், பிரவுசர் பழைய # பகுதியைத் தானே புதிய முகவரியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு பக்கத்தை நூற்றைம்பதாகப் பிரித்தால், வந்தவர் எந்தக் கேள்வியைத் தேடி வந்தார் என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் பழைய பக்கத்தை அழிக்காதீர்கள். பழைய பெயர்கள் ஒவ்வொன்றையும் அதில் அப்படியே வைத்து, கேள்வியை ஒரு வரியில் எழுதி, புதுப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்துவிடுங்கள். வேண்டுமானால் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து ஆளைத் தானாகவே அங்கே கொண்டுபோய் விடலாம்.

இன்னொன்று, # பெயரைக் கருவியே தலைப்பிலிருந்து உருவாக்க விடக்கூடாது. ஸ்பிங்க்ஸ் மாதிரியான ஆவணம் உருவாக்கும் கருவிகள் தலைப்பின் சொற்களைக் கோத்துத்தான் பெயர் வைக்கின்றன. கேள்வியைக் கொஞ்சம் மெருகேற்றினாலே லிங்க் செத்துவிடும். தமிழ் போல லத்தீன் அல்லாத எழுத்தில் தலைப்பு இருந்தால் இன்னும் மோசம்: அந்த எழுத்துகளை எல்லாம் கழித்துவிட்டு ஐடி1, ஐடி2 என்று வரிசை எண்ணைப் பெயராக வைத்துவிடும். நடுவில் ஒரு கேள்வி சேர்த்தால் கீழே உள்ள அத்தனை லிங்கும் ஒரு படி நகர்ந்து தவறான பதிலுக்குப் போகும். உடைந்த லிங்க்கூடப் பரவாயில்லை, இது அதைவிட மோசம். ஒவ்வொரு கேள்விக்கும் கையால் ஒரு பெயர் வைத்து, பிறகு அதைத் தொடாமல் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

பைத்தானில் ஸ்விட்ச் (மதிப்பைப் பொறுத்துப் பல கிளைகளில் ஒன்றுக்குப் போகும் அமைப்பு) ஏன் இல்லை என்ற கேள்வி, பழைய கேள்வியைப் பிழைக்க விடுவதற்கு நல்ல உதாரணம். 2021இல் வந்த 3.10ஆம் பதிப்பில் மேட்ச் என்ற அமைப்பு சேர்ந்துவிட்டது, ஆகவே கேள்வி அரைகுறை உண்மையாகிவிட்டது. பதிலில் மேட்ச் பற்றிச் சேர்த்திருக்கிறார்கள், கேள்வியை நீக்கவில்லை. தேடி வருபவர் பழைய கேள்வியோடு வந்து புதிய பதிலோடு போகிறார்.

தொடங்கும் வரிசை

கிட்டுக்கு மாறுவதென்று முடிவானால் முதல் கமிட்டில் (கிட்டில் ஒரே தடவையாகப் பதிவு செய்யும் மாற்றத்தில்) வெட்டி ஒட்டுவதை மட்டும் செய்யுங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள், எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளைக்கு, வேறு கோப்பிலிருந்து வந்த வரிகளையும் அடையாளம் கண்டு பழைய எழுத்தாளரைச் சொல்லும் வசதி உண்டு. வரி மாறாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். பிரிப்பதையும் திருத்துவதையும் ஒரே மூச்சில் செய்துவிட்டால், பதில் தவறு என்று தெரியும்போது யாரிடம் கேட்பது என்பதே தெரியாது.

இரண்டாவது கமிட்டில் நிலையான பெயர்கள். மூன்றாவதாக இரட்டைக் கேள்விகளை இணைப்பது. இணைத்த பிறகும் இரண்டு பெயரும் ஒரே பதிலுக்குப் போக வேண்டும். அதன்பிறகு நிரல் துண்டுகளை ஓட்டிப் பார்த்து, உடைபவற்றை மட்டும் திருத்த ஆரம்பிக்கலாம். நிறம், எழுத்துரு, லோகோ பற்றிய பேச்சை யாராவது இதற்கு முன்பே எடுத்தால், அவர் கையில் அந்த இரட்டைக் கேள்விப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.